மூச்சு ஜோடி

நாங்கள் அந்த ஊருக்குக் குடிவந்தபோது தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். தங்கை பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறாள். மாலையில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி சாப்பிடுவோம். அதற்கு மேல் பேச்சுத் துணை வேண்டுமென்றால் சமையலறைக் குழாயில் சொட்டுகிற தண்ணீர்தான். அதனால்தான், கிறிஸ்துமஸ் கச்சேரியில் பாட ஆள் தேவை, யாரும் வரலாம் என்று பொது மண்டபத்துக் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், "போலாமா அக்கா?" என்று பாப்பா கேட்டாள். முப்பதைத் தொட்டுவிட்டாள். எனக்கு அவள் பாப்பாதான்.

எனக்குத் தயக்கம். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு. அம்மா போன பிறகு அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகியவள் நான். நெஞ்சில் விசில் அடிக்கும் வரை எனக்குத் தூக்கம் வரும், விசில் நின்றால் விழித்துக்கொள்வேன். அவளுக்குக் குரல் தேன். ஆனால் ஒரு வரி முடிவதற்குள் மூச்சு அறுந்துவிடும், கை இன்ஹேலரைத் தேடும். பாட வேண்டும் என்ற ஆசையும் பாட முடியாத நெஞ்சும் ஒரே உடம்பில் இருந்தால் அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று எனக்குத் தெரியும். சரி, போகலாம் என்றேன்.

மண்டபத்துக்குள் ஈரப் பலகை வாசனை அடித்தது. ஜன்னல்களை எந்தக் காலத்திலோ வண்ணம் பூசி மூடியிருந்தார்கள், திறக்க வராது. கோடியில் மூன்றடுக்கு மரப்படி. அதில் ஏறி நிற்கிறவர்கள் யாராவது எடையை மாற்றினால் மொத்தப் படியும் முனகும். முன்னால் ஒரு பியானோ, அதன் பக்கத்தில் மாஸ்டர்.

மாஸ்டர் முன்பு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். பாட்டையும் அப்படித்தான் நடத்துவார். நாங்கள் நுழைந்தபோது யாரோ சுருதி விட்டிருக்க வேண்டும், கையிலிருந்த குச்சியை வீசியடித்தார். அது ஒரு பெரியவரின் நெற்றியில் பட்டு ரத்தம் கசிந்தது. பெரியவர் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு அடுத்த வரியைப் பாடினார். மற்றவர்களும் கூடவே பாடினார்கள். அப்போதே நாங்கள் திரும்பி நடந்திருக்க வேண்டும்.

பாப்பாவைப் பாடச் சொல்லிக் கேட்டார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு இரண்டாம் படியின் கோடியைக் காட்டினார்.

"அங்க நில்லு. உயரம் சரியா இருக்கும்."

படியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு அம்மாள் மட்டும், மாவு பிசைந்து முறுக்கேறிய கைகள், அந்தத் தெருவில் பேக்கரி வைத்திருப்பவர், மெதுவாக, "அந்த இடம் வேணாமே மாஸ்டர்" என்றார்.

"நான் சொன்னா சொன்னதுதான்."

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரியின் கடைசிப் பாட்டு வெறும் 'ஆமென்'. அதில் 'ஆ' என்ற ஒற்றை ஒலியை எல்லோரும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாஸ்டர் கை விரல்களை மடக்கி முஷ்டி பிடிக்கும்போதுதான் 'மென்'. அதுவரை ஒலி அறுகிறதே தெரியக் கூடாது. அவ்வளவு மூச்சு மனிதர் யாருக்கும் கிடையாது. ஆகவே பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டிரண்டு பேர் ஜோடி. ஒருத்தி மூச்சு எடுக்கும்போது மற்றவள் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் எடுத்து முடித்துத் திரும்பி வரும் வரை விடக் கூடாது. எது எப்படிப் போனாலும் அதுதான் சட்டம்.

எனக்குப் பேக்கரி அம்மாள் ஜோடி. பாப்பா கோடியில் நின்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் காலிப் பலகை.

"எனக்கு ஜோடி யாரு மாஸ்டர்?"

"உனக்கு வேணாம். நீ எப்ப வேணா மூச்சு எடு."

அன்றைக்கு வீடு திரும்பும்போது பாப்பா குதித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, எனக்காக யாரோ பிடிச்சுக்கிறாங்க. நான் நிறுத்துற இடத்துல கரெக்டா என் குரல் மாதிரியே வருது. பயமே இல்லாம பாடுனேன்க்கா."

பின்வரிசைக்காரியாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. பாழாய்ப் போன என் மனசு குளிர்ந்துவிட்டது.

சில ஒத்திகைகள் நன்றாகவே போயின. பாப்பாவின் இன்ஹேலர் கைப்பையில் தூங்கியது. நெஞ்சில் விசில் சத்தமே இல்லை. டாக்டருக்கு அழ வேண்டிய காசு மிச்சம் என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். பாடல் வேறு அபாரமாக வந்துகொண்டிருந்தது. எங்கள் வரிசையிலிருந்து மட்டும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு குரல் கூடுதலாகக் கேட்கும். மாஸ்டர் அந்தப் பக்கம் காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பார். பால் சட்டியைக் கண்ட பூனை மாதிரி உதட்டை நக்கிக்கொள்வார்.

பிறகு ஒரு காலை, பாப்பா தலை வாரும்போது கழுத்தில் கன்றிப்போன தடங்களைப் பார்த்தேன்.

இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் பெரிதாக ஒன்று.

"யாருடி அது?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எவனோ அவளைத் தொட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன், அவனை இஸ்திரிப் பெட்டியாலேயே கொளுத்திவிடலாம் என்றும் நினைத்தேன்.

"யாரும் இல்லக்கா. துப்பட்டா உரசிருக்கும்."

அன்று மாலை அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். வாய் திறந்தபடி நின்றாள். சத்தமே இல்லை. நெற்றி நரம்பு புடைத்து, உதடு கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் உலுக்கினேன். முதுகில் அடித்தேன். அவள் என்னைத் தள்ளிய தள்ளலில் அலமாரியில் போய் மோதினேன், என் உள்ளங்கையில் கத்தி கோடு கிழித்துவிட்டது. கத்தி அவள் கையில்தான் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

பிறகு குபுக்கென்று மூச்சு வந்தது. சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தாள்.

"அவங்க மூச்சு எடுத்துட்டு இருந்தாங்கக்கா," என்றாள் கிசுகிசுப்பாக. "நான் பிடிச்சுக்கணும்ல."

"யாரு?"

"என் ஜோடி."

வீட்டில் வெங்காய நெடியோடு இன்னொரு வாசனையும் இருந்தது. மண்டபத்து ஈரப் பலகையின் வாசனை.

"இப்பல்லாம் ரொம்ப நேரம் எடுக்கறாங்க," என்றாள் பாப்பா. "எடுத்து முடிக்கவே மாட்டேங்கறாங்க."

மறுநாள் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு, கையில் கட்டோடு பேக்கரிக்குப் போனேன். அம்மாள் மேசையில் மாவை அடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். அந்தக் கோடி இடத்தில் முன்பு நின்றது யார் என்று. மாவைத் தூக்கித் தூக்கி அடித்தார், மேசை அதிர்ந்தது.

"மேல் வீட்ல இருந்தா," என்றார் கடைசியில். "நீங்க வர்றதுக்கு முன்னாடி. கோடி இடம் அவளோடது. அவ புருஷனுக்கு அவ பாடப் போறது பிடிக்காது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நான் இதே மாதிரி பெசஞ்சிட்டு இருந்தேன். மேலருந்து 'ஆ'ன்னு நீளமா வந்துச்சு. ஆமென் பழகுறான்னு நினைச்சேன்."

அடிப்பது நின்றது.

"நான்தாம்மா அவ ஜோடி. அவ மூச்சு எடுக்கும்போது நான் பிடிச்சுக்கணும்ல. அந்த நினைப்புல நானும் கீழருந்து கூடவே பாடுனேன். அவ குரல் நின்னதும் மூச்சு எடுக்கிறான்னு நான் பிடிச்சுக்கிட்டேன். நல்லா, சத்தமா. தெருவே ஒத்திகைன்னு நினைச்சுது. ஒருத்தரும் மேல ஏறிப் பார்க்கல."

"அவங்க..."

"திரும்பி வரவே இல்ல. கழுத்த நெரிச்சே கொன்னுட்டான். எலும்பு நொறுங்கிடுச்சாம். அவன் ஜெயில்ல இருக்கான். இவ இன்னும் அந்த மூச்ச எடுத்துட்டே இருக்கா."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"அந்த ஆள் காதுக்குத் தெரியாம இருக்குமா? இடம் காலியா இருந்தப்ப முனகல் மாதிரிதான் கேட்கும். பக்கத்துல ஒரு உசுரு நின்னாதான் குரலா வருது. உன் தங்கச்சிய நிறுத்துனதும் அவர் முகத்தப் பாத்தியா நீ? கச்சேரியில அந்தக் குரல் வேணும் அவருக்கு." அம்மாள் கண்ணைத் துடைத்தபோது கன்னத்தில் மாவு அப்பிக்கொண்டது. "நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். இங்க எல்லாரும் வாய மூடிட்டு இருந்தோம். பாட மட்டும்தான் எங்களுக்கு வாய்."

நான் நின்று கேட்கவில்லை. பாப்பாவை இனி அந்தப் படிக்கே அனுப்பக் கூடாது, பஸ் பிடித்தாவது வெளியூர் கூட்டிப்போய்விட வேண்டும் என்று பல் டாக்டரின் கிளினிக்குக்கு ஓடினேன். அவள் இருக்கை காலியாக இருந்தது. கச்சேரிக்கு முந்தைய ஒத்திகை, மதியமே வைத்துவிட்டார்கள், மாஸ்டரே காரில் வந்து அழைத்துப் போனார் என்றார்கள்.

மழை கொட்டத் தொடங்கியது. மண்டபம் வரை ஓடினேன். செருப்பு ஒன்று எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. மின்சாரம் போய், பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டு. பியானோ மேல் ஒரே ஒரு பேட்டரி விளக்கு. அதன் வெளிச்சத்தில் வாய்கள் மட்டும் வரிசையாகத் திறந்திருந்தன.

ஆ.

அழகு என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லவே நாக்கு கூசுகிறது. அந்த ஒலியில் ஒரு கீறல் இல்லை, ஒரு இடைவெளி இல்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கோடிப் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை மடக்கினார்.

"மென்" என்றது படி.

பாப்பா நிறுத்தவில்லை.

அவள் வாயிலிருந்து இரண்டு குரல்கள் வந்தன. பிறகு ஒன்று நின்றது. அந்தக் காலிப் பலகையிலிருந்து, தண்ணீர் வடிகுழாயில் இறங்குகிற மாதிரி, ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. இழுத்துக்கொண்டே இருந்தது. உள்ளே போக வழி இல்லாத மூச்சு.

பாப்பா பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கழுத்தில் பள்ளங்கள் விழுந்தன. மாவில் விரல் அழுத்தினால் விழுமே, அப்படி. இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் ஒன்று. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து திறந்த வாய்க்குள் இறங்கியது. குதிகால்கள் பலகையை விட்டு எழும்பின.

"விடாத," என்றார் மாஸ்டர் ரகசியம் போல. "விடாத, அப்படியே பிடி."

அந்த மனிதனைத் தள்ளிவிட்டுப் படியில் ஏறினேன். பாப்பாவின் கழுத்தைப் பற்றி அந்தப் பிடியை விலக்கப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் விரல்களுக்கு அடியில் விரல்கள் இருந்தன. மயிர் முளைத்த, தடித்த, வேர்வையில் வழுக்குகிற விரல்கள். ஒன்றில் மோதிரம். நகத்தால் பிறாண்டினேன், கடித்தேன், என் பல்லில் பட்டது என் தங்கையின் தோல்தான். சுற்றிலும் அத்தனை பேர். ஒருவர் நகரவில்லை.

அவள் கண் மேலே செருகியது. அப்போது எனக்கு ஒன்றே ஒன்று தோன்றியது. ஒருத்தி விட வேண்டுமென்றால் இன்னொருத்தி பிடிக்க வேண்டும்.

அவள் காதுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தேன்.

ஆ.

பாப்பா துணி மூட்டையாகச் சரிந்து விழுந்தாள். இருமினாள். இருமினாள் என்றால் உயிர் இருக்கிறது. அந்த நிம்மதியில் நான் இருந்தபோதே அந்தக் கைகள் என் கழுத்துக்கு வந்தன.

வலி என்று சொன்னால் போதாது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. என் ஒலி என்னைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. கண் முன்னால் ஒரு சமையலறை தெரிந்தது, கவிழ்ந்த நாற்காலி, தரையில் உதைத்துக்கொள்கிற என்னுடையதல்லாத பாதங்கள். கீழ் வீட்டிலிருந்து ஒரு பெண் அருமையாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

அதே குரல் என் பக்கத்தில் எழுந்தது.

பேக்கரி அம்மாள். என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார், மழையில் மாவு கரைந்து முகமெல்லாம் வெள்ளைக் கோடுகள். என் ஒலியைத் தன் ஒலியால் மூடிக்கொண்டு, என்னை இடுப்பால் இடித்துப் படியிலிருந்து கீழே தள்ளினார். கோடி இடத்தில் காலை ஊன்றி நின்றார். பாடிக்கொண்டே, கழுத்தில் பள்ளம் விழ விழ, ஒரு கையை நீட்டி மாஸ்டரின் சட்டைக் காலரைப் பிடித்தார். தினமும் மூட்டை மூட்டையாக மாவைத் தூக்குகிற கை. மாஸ்டர் உதைத்தார், குச்சியால் அவர் முகத்திலேயே அடித்தார், ஒரு பல் தெறித்து விழுந்தது. அம்மாள் பாட்டை விடவில்லை. அவரைத் தரதரவென்று மேலே இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

பிறகு இன்னொரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.

எங்கள் பாட்டில் முதல் முறையாக ஒரு இடைவெளி விழுந்தது.

மாஸ்டரின் வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை, அது திறந்தது. ஊருக்கே பாடக் கற்றுக்கொடுத்த மனிதரிடமிருந்து நூல் மாதிரி ஒரு ஒலி வந்தது. கழுத்தில் பள்ளங்கள் விழுந்தன, ஆழமாக. கண்கள் பிதுங்கின. கைகள் காற்றில் யாரையோ பிடித்துத் தள்ளின. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம் ஒன்று வந்தது. தலை தோளில் தொங்கிய பிறகும் அந்த ஒலி நிற்கவில்லை.

பேக்கரி அம்மாள் கையை உயர்த்தினார். விரல்களை மடக்கினார்.

எத்தனை மாதப் பழக்கம். முஷ்டியைப் பார்த்ததும் அந்தப் படி மொத்தமும், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, ஒரே வாயாகச் சொன்னது.

"மென்."

ஒலி நின்றது. மாஸ்டர் முன்பக்கமாக விழுந்து படி படியாக உருண்டார்.

போலீஸ் வந்து கேட்டபோது, இருட்டில் கால் தடுக்கிவிட்டது என்று பேக்கரி அம்மாள் சொன்னார். கழுத்துத் தடங்களைக் காட்டித் துருவித் துருவிக் கேட்டார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். சுருதி விலகாமல் அந்தக் குழு சொன்ன ஒரே விஷயம் அதுதான். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் அந்த மனிதனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

கச்சேரி நடக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மதியம் நான் ஆஸ்பத்திரியில் பாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குரல்வளையில் வீக்கம் வடிந்துவிட்டது, நாளை வீட்டுக்குப் போகலாம், ஆச்சரியமாக நெஞ்சில் இளைப்பே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெயில் கட்டில் விரிப்பில் விழுந்திருந்தது. பாப்பா தூங்கினாள். சீரான, நிதானமான மூச்சு. அத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத மூச்சு. கேட்டுக்கொண்டே நானும் கண் அயர்ந்தேன்.

எதற்காக விழித்தேன் என்று தெரியவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் அவள் மார்பு அசையவில்லை.

கையை வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை. உள்ளே இழுக்கும் அந்தச் சத்தம் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அது நின்ற பிறகு பாப்பாவின் மார்பு ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. மறுபடி அந்தப் பக்கம். பாப்பா அசையாமல் காத்திருந்தாள். முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம். அதற்கடுத்த முறை இன்னும் அதிக நேரம். அவள் உதட்டு ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது.

யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டு என்ன சொல்வது? அவள் பக்கம் குனிந்து, வெந்து கிடந்த என் தொண்டையைத் திறந்து, முடிந்தவரை மெதுவாகப் பிடித்தேன்.

ஆ.

பாப்பாவின் மார்பு உயர்ந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது. நான் விடவில்லை.

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் கதவில் நின்று எங்களைப் பார்த்தார்.

"ஏம்மா, இது ஆஸ்பத்திரி," என்றார். "ரெண்டு பேரும் பாட்ட நிறுத்துங்க."

பாப்பாவின் வாய் மூடியிருந்தது.